அணைக்க முடியாத போன்

ஃபனூரியாவின் போனை அணைக்க முடியாது. திருடனுக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் வேறு யாராவது பையில் கையை விட்டிருப்பான், எங்கள் தீவின் ஹெராக்லியோன் நகரமும் அன்று நிம்மதியாகத் தூங்கி எழுந்திருக்கும்.

விமான நிலையச் சாலையில் ஒரு சலவைக்கூடம் இருக்கிறது. பன்னிரண்டு ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளும் முப்பது உணவகங்களின் மேஜை விரிப்புகளும் அங்கேதான் வெளுக்கப் போகின்றன. அங்கே இரண்டாம் நம்பர் இஸ்திரி யந்திரம் ஃபனூரியாவுடையது. பத்தொன்பது வருஷமாக அவளுடையது. அவள் கையால் பிழிந்த போர்வையைக் கொடியில் போட வேண்டியதில்லை, போடுவதற்குள் காய்ந்துவிடும் என்பார்கள். நான் பார்த்திருக்கிறேன், கிட்டத்தட்ட உண்மைதான். குளோரின் தண்ணீரில் ஊறி ஊறி அவள் விரல் நுனிகளில் ரேகையே இல்லை. போனின் திரை அந்த விரல்களை மனித விரல்கள் என்று ஒத்துக்கொள்ளாது. விரல் முட்டியால்தான் போனை எடுப்பாள்.

நீராவி அந்தப் போனையும் விட்டுவைக்கவில்லை. அணைக்கும் பொத்தான் செத்துவிட்டது. சத்தத்தைக் குறைக்கும் பொத்தானும் செத்துவிட்டது. அதுவும் எந்த நிலையில்? யந்திர இரைச்சலில் கேட்க வேண்டுமே என்று சத்தத்தை உச்சத்தில் வைத்திருந்த நிலையில். அழைப்பு வந்தால் எங்கள் ஊர் லிரா வாத்தியம் ஒரு கல்யாண ஆட்டத்தையே வாசிக்கும். ஒருமுறை பஸ்ஸில் அது அடித்தபோது டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, பின்னால் எந்தக் கல்யாண ஊர்வலம் வருகிறது என்று இறங்கிப் பார்த்தார். ஆனால் ஒரு சங்கடம். சார்ஜ் தீர்ந்து அது ஒருமுறை கண்ணை மூடிவிட்டால் திரும்ப எழுப்பப் பொத்தான் இல்லை. அதனால் ஃபனூரியா அதைக் குறைமாதக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டாள். ராத்திரி முழுக்கச் சார்ஜில் கிடக்கும்.

புதுசு வாங்கேன் என்று எத்தனையோ பேர் சொன்னோம். வாங்க மாட்டாள். காரணம் ஆர்கிரோ.

ஆர்கிரோ அவளுடைய ஒரே மகள். நாலு வருஷத்துக்கு முன்னால், விவாகரத்தான ஒருவனை, அதுவும் ஒரு பையனோடு இருந்தவனைக் கட்டிக்கொண்டு வடக்கே வோலோஸ் போய்விட்டாள். ஃபனூரியா கல்யாணத்துக்குப் போகவில்லை. போகாததைக்கூட மகள் பொறுத்திருப்பாள். கல்யாணத்து இனிப்பு பாதாமை வெள்ளைத் துணியில் முடிந்து தபாலில் அனுப்பினாளே, அதைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினாள் பாருங்கள் இவள், அதைத்தான் பொறுக்கவில்லை. மகள் நம்பரை மாற்றினாள். புது நம்பர் எங்கள் தெருவில் ஒருவருக்கும் கிடையாது. இணையத்தில் தேடினால் எங்கள் தெரு மொத்தத்தையும் தடுத்து வைத்திருக்கிறாள்.

ஆனாலும் வருஷத்துக்கு ஒருநாள் கூப்பிடுவாள். ஆகஸ்டு இருபத்தேழு, புனித ஃபனூரியோஸின் திருநாள், அவர் பெயரை வைத்திருக்கும் அம்மாவுக்கு நாமத் திருநாள். பிறந்தநாளை மறந்தால் எங்கள் ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். நாமத் திருநாளுக்கு வாழ்த்தாமல் விட்டால் செத்தவர் கணக்கில் எழுதிவிடுவார்கள். ஜென்மப் பகைவனும் அன்று கூப்பிடுவான். ஆர்கிரோவும் மருந்துக்கடை வேலை முடிந்து, மாலை ஏழு மணிக்கு, நம்பரை மறைத்துக்கொண்டு கூப்பிடுவாள். "வாழ்த்துகள்மா." "நன்றி. நல்லா இருக்கியா?" "இருக்கேன்." அவ்வளவுதான்.

போன வருஷம் அவ்வளவோடு நிற்கவில்லை. ஃபனூரியா அன்று வேலையில் இருந்தாள். மகள் கேட்டாள்: "அம்மா, கிறிஸ்துமஸுக்கு நாங்க அங்க வரட்டுமா?" இவள், "என்ன? மெஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல, வைக்கிறேன்," என்று வைத்துவிட்டாள்.

கேட்கவில்லை என்றுதான் எல்லோரிடமும் சொன்னாள். என்னிடமும் சொன்னாள். கேட்டது. தவக்காலத்தில் ஒருநாள் என் சமையலறையில் உட்கார்ந்து, கீரையை ஆய்ந்துகொண்டே, தலையைத் தூக்காமல் ஒத்துக்கொண்டாள். "இந்த வருஷம் திரும்பக் கேப்பா. கேக்கலேன்னா நானே கேப்பேன்," என்றாள். அன்றைக்கென்று ஜூன் மாதமே விடுப்பு எழுதிக் கொடுத்தாள்.

ஆக, ஏழு மணிக்கு ஒரு போன் வரும். எடுக்காவிட்டால் மகள் அதை அம்மாவின் பதிலாக எடுத்துக்கொள்வாள். அடுத்த வருஷம் வராது.

அந்தப் போன்தான் காலை பத்து மணிக்குக் காணாமல் போனது. அதுவும் எங்கே? காணாமல் போன பொருளைக் காட்டிக் கொடுக்கும் புனிதர் என்று தீவு முழுக்கக் கும்பிடும் ஃபனூரியோஸின் கோயில் முற்றத்தில்.

புனிதருக்குக் கேக் சுடுவது வழக்கம். முட்டை, வெண்ணெய் கிடையாது. மாவு, ஆலிவ் எண்ணெய், ஆரஞ்சுச் சாறு, பட்டை, வால்நட், உலர்ந்த திராட்சை முதலாக ஒன்பது பொருள். தொலைந்ததை மனதில் நினைத்துச் சுட்டு, கோயிலில் மந்திரித்து, கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் ஒரு துண்டு கொடுக்க வேண்டும். வாங்குகிறவர், "ஃபனூரியோஸின் தாயை ஆண்டவர் மன்னிக்கட்டும்," என்று சொல்லிவிட்டுத்தான் வாயில் போட வேண்டும். புனிதரின் அம்மா கல் நெஞ்சுக்காரியாம். இன்னும் கரையேறவில்லையாம். மகன் கேட்கிற கூலி இது ஒன்றுதான்.

முற்றத்து மேஜைகளில் இருநூறு கேக்குகள், ஒவ்வொன்றிலும் ஒரு மெழுகுவர்த்தி. ஃபனூரியா தன்னுடையதை வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையிலும் எண்ணெய். பை காலடியில். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை போட்ட ஒருவன் துண்டை வாங்கி நேராக வாயில் போடப் போனான்.

"ஏம்ப்பா, சொல்லிட்டுச் சாப்பிடு," என்றாள் இவள்.

"எதை?"

"எந்த ஊரு நீ? அம்மாவ மன்னிக்கச் சொல்லு."

அவன் சொன்னான். கொஞ்சம் மூக்கடைத்த குரல். இன்னொரு துண்டும் கேட்டான். கூட்டம் நெருக்கியபோது, "பை மிதிபடுதுக்கா, தள்ளி வைக்கிறேன்," என்று குனிந்து உதவியும் செய்தான்.

கால் மணி நேரம் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது. காலை ஏழிலிருந்து வாழ்த்து வந்து ஓயாமல் அடித்துக்கொண்டிருந்த போன் அடிக்கவில்லை. பையைக் கவிழ்த்தாள். கத்தி, துண்டு, கைக்குட்டை, கேக்கின் கடைசி ஐந்து துண்டு. போன் இல்லை.

பக்கத்து வீட்டு பொலிக்ஸேனிதான் அவளைக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப் போனாள். பொலிக்ஸேனி தெருமுனையில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். ஸ்கூட்டரும், எதற்கும் ஒரு யோசனையும் அவளிடம் எப்போதும் தயாராக இருக்கும். மேஜைக்குப் பின்னால் தொப்பையும் விசிறியுமாக ஒரு காவலர்.

"போன் வாங்கின பெட்டி இருக்கா? பெட்டியில பதினஞ்சு இலக்க நம்பர் இருக்கும்."

"இருக்கு. அதுல சட்டைப் பொத்தான் போட்டு வெச்சிருக்கேன். சாயந்திரம் கொண்டாரேன். இப்ப கண்டுபிடிச்சுக் குடுங்க."

"அம்மா, மனு எழுதணும். மேலதிகாரி கையெழுத்து வேணும். அப்புறம் கோர்ட்டு அனுமதி, அப்புறம் கம்பெனிக்குக் கடிதம். மூணு வாரத்துல பதில் வரும்."

"எனக்கு ஏழு மணிக்கு வேணும்."

"எந்த ஏழு மணி?"

"இன்னிக்கு ஏழு மணி."

அவர் விசிறியை நிறுத்தினார். "உங்க பேரு என்ன சொன்னீங்க? ஃபனூரியாவா? அப்ப நேரா உங்க ஆளுகிட்டயே போங்க. எங்கள மாதிரி இல்ல, அவரு திருநாள் அன்னிக்கும் டூட்டி பாப்பாரு."

பொலிக்ஸேனிக்கு வந்த கோபத்தில் மேஜையை உடைத்திருப்பாள். ஃபனூரியா ஒரு துண்டு கேக்கை எடுத்து அவர் மனுப் புத்தகத்தின் மேல் வைத்தாள். "சொல்லிட்டுச் சாப்பிடுங்க," என்றாள். அவர் சொன்னார். சொல்லாமல் முடியாது, அவள் போகவே மாட்டாள்.

பார்லருக்கு வந்து பொலிக்ஸேனி தன் போனை எடுத்தாள். "அக்கா, இதுலேர்ந்தே உன் போனு எங்கேன்னு வரைபடத்துல பாக்கலாம். உன் கணக்கோட கடவுச்சொல் சொல்லு."

"எனக்கென்னடீ தெரியும்? ஆர்கிரோ போட்டுக் குடுத்தது."

"அவ பிறந்தநாளா இருக்கும்."

இல்லை. அப்பா பெயர். இல்லை. செத்துப்போன நாயின் பெயர். அதுவும் இல்லை. அதற்குமேல் முயன்றால் நாளைக்கு வா என்று திரை சொல்லிவிட்டது.

"சரி, போனப் போடு. எடுக்கிறானான்னு பாப்போம்."

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. பொலிக்ஸேனி மறுபடி போடப் போனபோது ஃபனூரியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போடாத. ஒவ்வொரு தடவ அடிக்கும்போதும் சார்ஜ் குறையுது. ஏழு மணி வரைக்கும் உசுரு இருக்கணும். செத்துட்டா அப்புறம் கடவுளே வந்தாலும் எழுப்ப முடியாது."

"நான் போடலேன்னா ஆச்சா? உனக்கு வாழ்த்துச் சொல்ல சீமையெல்லாம் ஆளு இருக்கே. அவங்க வாய யாரு கட்டுறது?"

அதுதான் பிரச்சினை. தீவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அவளுக்கு உறவு. அத்தனை பேரும் கூப்பிடுவார்கள். கூப்பிடக் கூப்பிட போன் சாகும். ஃபனூரியா வீட்டுக்கு ஓடி, நம்பர் எழுதிய பழைய நோட்டைக் கொண்டுவந்தாள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, வாழ்த்தாதீர்கள் என்று சொல்லத்தான். முதலில் சித்தீயாவில் இருக்கும் காலியோப்பி அத்தை.

"அத்தை, நான் ஃபனூரியா."

"இப்பத்தானேடீ பேசினேன். மறுபடி எதுக்கு?"

"யார்கிட்ட பேசினீங்க?"

"உங்கிட்டத்தான். தொண்டை கட்டிப்போயி ஆம்பள கொரலாட்டம் இருந்துச்சு. நெஞ்சுல ராக்கிச் சாராயம் தேய்ச்சுக்கோன்னு சொன்னேனே. சரி அத்தைன்னியே."

அத்தைக்குக் காது மந்தம், வாய் மந்தமில்லை. பத்து நிமிஷம் அந்தத் திருடனைப் பேசவிடாமல் பிடித்து வைத்திருக்கிறாள். சளிக்கு வைத்தியம், ஆட்டுக்கு வந்த நோய், நிலத் தகராறு எல்லாம் சொல்லி, கடைசியில் ஆயுசு நூறு என்று வாழ்த்தியிருக்கிறாள். அவனும் நம் மண்ணில் பிறந்தவன்தானே. நாமத் திருநாள் வாழ்த்தை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லாமல் வைக்க அவனுக்கு நாக்கு வரவில்லை.

"அத்தை, பின்னாடி ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

"ஒலிபெருக்கியில எவனோ கத்தினான். ரெதிம்னோ, ஹானியான்னு."

"பஸ் ஸ்டாண்டு," என்றாள் பொலிக்ஸேனி.

ஸ்கூட்டரில் போய்ப் பார்த்தார்கள். வெள்ளைச் சட்டைக்காரர்கள் நாற்பது பேர் இருந்தார்கள், மூக்கடைத்தவர் ஒருவரும் இல்லை. திரும்பி வரும்போது மணி ஒன்று.

அதற்குப் பிறகு வாழ்த்தாதே என்று யாரிடமும் ஃபனூரியா சொல்லவில்லை. நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, கூப்பிட்டாயா, என்ன கேட்டது என்று மட்டும் விசாரித்தாள். அந்த அழைப்புகள் அவள் போனைக் கொன்றுகொண்டிருந்தன. போன் எங்கே என்று சொல்வதும் அவைதான். ஒவ்வொரு தடவையும் அவள் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போய் வந்தது.

இரண்டு மணிக்கு லாரி ஓட்டும் ஸ்த்ராத்திஸ் அகப்பட்டான். அவள் ஒன்றுவிட்ட தம்பி.

"ஆமாக்கா, போட்டேன். எவனோ எடுத்தான். தட்டு கழுவற சத்தம். ஒம்பதாம் டேபிளுக்கு ரொட்டி வெக்கலையான்னு யாரோ திட்டினாங்க. இவன் எங்கிட்ட கெஞ்சுறான், அண்ணே, இந்தச் சனியன எப்படி அணைக்கிறதுன்னு."

"நீ என்ன சொன்ன?"

"பொத்தான அழுத்திப் பிடின்னேன். ஒரு மணி நேரமா பிடிச்சிட்டிருக்கேன், விரலே மரத்துப் போச்சுன்னான். நீதான் போன் எடுக்க ஆளு வெச்சிட்டியோன்னு நெனச்சு வாழ்த்துச் சொல்லிட்டு வெச்சிட்டேன்."

"லூசுப் பயலே," என்றாள் ஃபனூரியா. ஆனால் உணவகம் என்று தெரிந்துவிட்டது. உணவகம் என்றால் ஊரில் இருநூறு. அவர்கள் துறைமுகக் கரையிலிருந்து ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று பொலிக்ஸேனி போனைப் போடுவாள். ஃபனூரியா காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். ஒரு கடைக்கு ஒரே ஒரு தடவை மணி அடிக்கும், அதற்குமேல் விடமாட்டாள். லிரா எங்கும் கேட்கவில்லை. பதினேழாவது கடையில், மீன் தட்டோடு வந்த ஆள் முகத்தைச் சுளித்தான். "என்னம்மா, காலையிலேர்ந்து எல்லாரும் போன் தேடுறீங்களா? சாப்பிடறதுன்னா உக்காருங்க."

"வேற யாரு தேடினா?" என்று ஃபனூரியா அவன் சட்டையைப் பிடித்தாள். யாரும் தேடவில்லை. சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறான்.

மணி ஐந்தரை. இப்போது போட்டால் அடிக்கிறது, யாரும் எடுப்பதில்லை. ஆறுக்கு பார்லருக்குத் திரும்பினார்கள். அங்கே உரானியா என்கிற அம்மாள் தலையில் சாயம் பூசிக்கொண்டு மதியத்திலிருந்து காத்திருந்தாள். ஃபனூரியா நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்கு நடுவே வைத்துக்கொண்டாள்.

"போகட்டும்டீ," என்றாள். "புனிதரோட அம்மா மாதிரி எனக்கும் இதான் எழுதியிருக்கு."

அப்போது ஆறு பத்து. எனக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. நான் அன்று கிராமத்தில் கல்யாண வீட்டில் இருந்துவிட்டு அப்போதுதான் வந்து, காலை நீட்டிக்கொண்டு, அவளுக்கு வாழ்த்துச் சொல்லப் போனைப் போட்டேன். யாரோ எடுத்த மாதிரி இருந்தது. பேச்சில்லை. ஈரத்துணி ஏதோ திரையில் உரசித் தானாக எடுத்துக்கொண்டிருக்கிறது, பிற்பாடுதான் தெரிந்தது. நான் ஹலோ ஹலோ என்றேன். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. ஸ்ஸ்ஸ் என்று நீளமாக ஒன்று, மறுபடி நீளமாக ஒன்று, பிறகு குட்டையாக ஒன்று. தூரத்தில் ஒரு பெண் பாடுகிறாள், சுருதியைக் கொலை செய்துகொண்டு. எனக்குக் கோபம் வந்தது. விடுப்பு என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு இவள் வேலைக்குப் போய்விட்டாளா? பொலிக்ஸேனியைக் கூப்பிட்டேன்.

"ஏண்டி, ஃபனூரியாவுக்கு வெக்கமே இல்லியா? நாமத் திருநாளன்னிக்கும் அந்த இஸ்திரிக்கு முன்னாடிதான் நிக்கணுமா?"

"என்ன சொல்றீங்க? அவ என் முன்னாடி உக்காந்திருக்கா."

"அப்ப நான் யாரு மூச்சக் கேட்டேன்? அந்த மெஷினு புஸ்ஸு புஸ்ஸுன்னு..."

போன் கை மாறியது. ஃபனூரியாவின் குரல். "எத்தனை தடவ? நீளமா, குட்டையா?"

"நீளமா ரெண்டு, குட்டையா ஒண்ணு. ஒருத்தி பாடினா."

"ரெண்டாம் நம்பரு," என்றாள். "வால்வு பழுது. பாடுறது எங்கூட வேலை செய்யற வாஸ்ஸோ." அவ்வளவுதான், போனை வைக்கக்கூட இல்லை. நாற்காலி விழும் சத்தமும், ஸ்கூட்டர் கிளம்பும் சத்தமும், "என் தலை?" என்று உரானியா அம்மாள் கேட்பதும் எனக்குக் கேட்டது. உரானியாவின் முடி இன்றைக்கும் கேரட் நிறம்தான். அதை அவள் மாற்றவில்லை. அதற்குப் பிறகு கணவன் தன்னைத் திரும்பிப் பார்க்கிறான் என்கிறாள்.

நடந்தது என்னவென்று வழியிலேயே ஃபனூரியாவுக்குப் புரிந்துவிட்டது. வாழ்த்துக்கு நன்றி சொல்லிச் சொல்லி மூச்சு முட்டி, அணைக்கவும் முடியாமல், முதலாளி காதில் விழுந்துவிடும் என்று பயந்து, அந்த ஆள் போனை அழுக்கு மேஜை விரிப்புகளில் சுருட்டி மூட்டைக்குள் திணித்திருக்கிறான், ராத்திரி எடுத்துக்கொள்ளலாம் என்று. ஐந்து மணிக்குச் சலவை வேன் வந்து மூட்டையை அள்ளிப் போய்விட்டது. இப்போது அது சலவைக்கூடத்துத் தரையில் கிடக்கிறது. அல்லது யந்திரத்துக்குள், அறுபது டிகிரி தண்ணீரில், சோப்போடு சுற்றிக்கொண்டிருக்கிறது.

திருநாள் நெரிசலைத் தாண்டி ஆறு ஐம்பதுக்கு உள்ளே நுழைந்தாள். மேற்பார்வையாளர் அரிஸ்தோஸ் கையில் அட்டையோடு எதிரே வந்தார்.

"உனக்கு இன்னிக்கு லீவு இல்ல? வாழ்த்துகள்."

"அஞ்சு மணி வேன்ல வந்த சாப்பாட்டுக் கடை மூட்டை, அந்த நீல மூட்டைங்க எங்க?"

"பாதி உள்ள போயிடுச்சு. பாதி அங்க."

அங்கே என்றால் ஒரு குன்று. கணவாய் மீன் வாடையடிக்கும் இருபத்து மூன்று மூட்டைகள். பின்னால் ஆறு யந்திரங்கள் உறுமிக்கொண்டிருந்தன. ஒன்றின் கண்ணாடி வழியே சிவப்புக் கட்டம் போட்ட விரிப்புகள் நுரையில் புரள்வது தெரிந்தது. அதற்குள் போன் இருந்தால் எல்லாம் முடிந்தது. அதன் கதவும் இன்னும் முக்கால் மணி நேரத்துக்குத் திறக்காது. ஃபனூரியா முதல் மூட்டையை அவிழ்த்துக் கொட்டினாள். இரண்டாவதை. மூன்றாவதை. பொலிக்ஸேனி தன் போனை எடுத்தாள்.

"வேணாம். இப்ப அடிச்சா அவ போடறப்ப உசுரு இருக்காது. நீ அடிக்கிற நேரத்துல அவ போட்டா எங்கேஜ்ல போகும்."

"அப்ப எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?"

"அவ போடுவா. நாம கேப்போம்."

"இந்த இரைச்சல்ல இடி விழுந்தாலும் கேக்காதுக்கா."

ஃபனூரியா நிமிர்ந்தாள். சுவரில் மணி ஆறு ஐம்பத்தாறு. நேராக மின்பலகைக்குப் போனாள். மெயின் சுவிட்ச், ஒரு முழங்கை நீளச் சிவப்புப் பிடி. இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தாள்.

யந்திரங்கள் ஒவ்வொன்றாக முனகி நின்றன. கடைசியாக இரண்டாம் நம்பர் ஒரு நீளப் பெருமூச்சு விட்டது. வாஸ்ஸோவின் பாட்டு மட்டும் நாலு சொல் தனியாக ஓடி, தன் குரலையே கேட்டுப் பயந்து நின்றது. அந்தக் கூடம் கட்டிய நாளிலிருந்து அப்படி ஒரு அமைதி அங்கே இருந்ததில்லை. கூரையில் குடியிருந்த புறாக்கள் மூன்று மயங்கி விழுந்ததாக வாஸ்ஸோ சொல்வாள். இரண்டு என்று நான் நம்புகிறேன்.

"பைத்தியமா உனக்கு?" என்றார் அரிஸ்தோஸ். "அறுநூறு தலையணை உறை. எட்டு மணிக்கு ஓட்டல்காரன் வந்து நிப்பான். விலகு."

"பத்து நிமிஷம்."

"ஒரு நிமிஷமும் கிடையாது. விலகுன்னேன்."

அவர் எட்டிய கைக்கும் பிடிக்கும் நடுவே வாஸ்ஸோ வந்து நின்றாள். நூற்றுப் பத்து கிலோ. மற்ற பெண்கள் அவள் பக்கத்தில் வந்தார்கள். ஃபனூரியா பத்தொன்பது வருஷமாக எதற்காகவும் யாரிடமும் பத்து நிமிஷம் கேட்டதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஏழு மணி. ஒன்றுமில்லை. எங்கோ ஒரு குழாய் சொட்டியது.

ஏழு இரண்டு. ஃபனூரியா மூட்டைக் குன்றின் நடுவே முழங்காலிட்டுக் கண்ணை மூடியிருந்தாள்.

ஏழு நாலு. "வராது," என்றார் அரிஸ்தோஸ், இப்போது கொஞ்சம் மெதுவாக. "ஃபனூரியா, போடறேன்."

"கடையச் சாத்துவா. அப்புறம் தெருமுனை வரைக்கும் நடப்பா. அப்புறம்தான் போடுவா."

ஏழு ஆறு.

லிரா. பூமிக்கு அடியில் யாரோ கல்யாணம் செய்கிற மாதிரி, மங்கலாக. எட்டு தடவை மணி அடித்தால் அழைப்பு தானாக வெட்டிக்கொண்டு போய்விடும். ஒன்று. எல்லோரும் குன்றின் மேல் விழுந்தார்கள். இரண்டு. "இங்க இல்ல." மூன்று. "அந்த ஓரம், அந்த ஓரம்." நாலாவது மணிக்கு பொலிக்ஸேனி ஒரு மூட்டையைக் காதோடு அணைத்துக்கொண்டு கத்தினாள். ஃபனூரியா முடிச்சைப் பல்லால் கிழித்தாள். விரிப்பு, விரிப்பு, கைத்துண்டு, எலும்பு, விரிப்பு. ஆறாவது மணிக்குப் போன் வெளியே வந்தது, எண்ணெயில் முக்கிய மாதிரி. விரலால் தள்ளினாள், எடுக்கவில்லை. முட்டியால் தள்ளினாள், வழுக்கியது. ஏழு. கையில் உலர்ந்த இடமே இல்லை. குனிந்து மூக்கால் திரையை ஒரு இழுப்பு இழுத்தாள்.

"அம்மா?"

"சொல்லு."

"வாழ்த்துகள். நீ எடுக்க மாட்டேன்னு நெனச்சேன்." கொஞ்சம் நிறுத்தி, "ஏன் இவ்ளோ அமைதியா இருக்கு? நீ எங்க இருக்க?"

"லாண்டரியில."

"பொய் சொல்லாத."

"மெஷின நிறுத்தி வெச்சிருக்கேன்." திரையின் மூலையில் சார்ஜ் இரண்டு என்று காட்டியது. ஃபனூரியா அதைப் பார்த்தாள். பேச்சைச் சுற்றி வளைக்கத் தெரிந்தவள் அல்ல அவள், அன்று நேரமும் இல்லை. "போன வருஷம் நீ கேட்டது எனக்குக் கேட்டுச்சு ஆர்கிரோ. மெஷின் சத்தமில்ல. நான்தான்."

அந்தப் பக்கம் தெருவில் ஒரு வண்டி போகும் சத்தம் மட்டும்.

"வாங்க. அவரு, அந்தப் பையன், எல்லாரும் வாங்க. பையனுக்கு என்ன பிடிக்கும்னு..."

திரை கறுத்தது.

பொலிக்ஸேனி ஓடிப்போய்ச் சார்ஜர் கொண்டுவந்தாள். சிவப்புப் பிடியை மேலே தள்ளியது அரிஸ்தோஸேதான். சொருகினார்கள், தட்டினார்கள், வாஸ்ஸோ ஊதிக்கூடப் பார்த்தாள். அது எழவில்லை. ஃபனூரியா அதை மடியில் வைத்துக்கொண்டு அழுக்கு விரிப்புகளின் மேல் உட்கார்ந்திருந்தாள். "எதுவரைக்கும் கேட்டிருக்கும்?" என்று ஒவ்வொருவராகக் கேட்டாள். "வாங்கன்னது கேட்டிருக்கும்ல?" கேட்டிருக்கும் என்றார்கள். யாருக்குத் தெரியும்? எட்டு நிமிஷம் அப்படி உட்கார்ந்திருந்தாள். அந்த எட்டு நிமிஷத்தில் அவளுக்குப் பத்து வயசு கூடிற்று, இதில் நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை.

பொலிக்ஸேனியின் போன் அடித்தது. தெரியாத நம்பர். மறைக்காத நம்பர்.

"பொலிக்ஸேனி அக்கா, நான் ஆர்கிரோ. அம்மா பக்கத்துல இருக்காங்களா? இந்த நம்பர எழுதி வெச்சுக்கச் சொல்லுங்க. அப்புறம், பையனுக்கு நத்தைக்கறி பிடிக்காது, பாலாடைக்கட்டிப் பணியாரம்னா உசுரு. கேக்குல ஒரு துண்டு கிறிஸ்துமஸ் வரைக்கும் தாங்குமா கேளுங்க."

"தாங்கும்," என்றாள் ஃபனூரியா, கேட்டுக்கொண்டிருந்தவள். "ஃப்ரீசர்ல வெப்பேன்."

எழுதக் காகிதம் இல்லை. துணிக்கு அடையாளமிடும் சலவை மைதான் கையில் இருந்தது, எந்தக் குளோரினுக்கும் போகாத மை. மடியில் கிடந்த மேஜை விரிப்பை இழுத்து, ஓரத்தில், பத்து இலக்கத்தையும் எழுதினாள். அரிஸ்தோஸ் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மறுநாள் அந்த மூட்டை வெளுத்து மடித்துத் திரும்பிப் போனபோது, மேலே காகிதத்தில் சுற்றிய ஒரு துண்டு கேக்கும் போனது. கூடவே ஒரு சீட்டு: சொல்லிவிட்டுச் சாப்பிடு, நெஞ்சில் ராக்கி தேய்க்க மறக்காதே. அந்தக் கடையில் மூக்கடைத்த பரிமாறுபவன் ஒருவன் அந்த வாரமே வேலையை விட்டுவிட்டதாகக் கேள்வி. ஃபனூரியா விசாரிக்கவில்லை.

புதுப் போன் வாங்கினாள். அதை அணைக்க முடியும், ஆனால் அவள் அணைப்பதில்லை. கடையின் பெயரை நான் சொல்ல மாட்டேன். துறைமுகத்துப் பக்கம் போனால் ஒன்பதாம் மேஜையில் உட்கார்ந்து, விரிப்பின் ஓரத்தைப் புரட்டிப் பாருங்கள். நம்பர் இருந்தால் கூப்பிடாதீர்கள். மருந்துக்கடைக்காரி பாவம், ஏற்கெனவே எங்கள் தெருவே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது.